அம்மாவுக்கு எதுக்கு கவுன்சிலிங்னு கேட்டவங்களுக்கு

நேத்து, வளர்ச்சி தாமதம் இருக்கற புள்ளைங்களோட பேரன்ட்ஸ் சேர்ந்திருக்கற நம்ம குரூப்ல நடந்தது உங்களுக்கே தெரியும், பேர் சொல்லப்போறதில்ல. "எனக்கு முடியல, தமிழ்ல பேசற கவுன்சிலர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. அவ்ளோதான் கேட்டாங்க. முதல் பதிலே "புள்ள தெரபிக்கே காசு பத்தல, இதுல உங்களுக்கு வேறயா". அதுக்கு பதினாறு பேர் கைதட்டல். ராத்திரியே அவங்க குரூப்ப விட்டு போயிட்டாங்க. எனக்கு தூக்கமே வரல.

ஸ்பீச் தெரபி வாரத்துக்கு ரெண்டு நாள், ஓ.டி (அன்றாட வேலைகள பழக்கற ஆக்குபேஷனல் தெரபி) மூணு நாள், ஒவ்வொண்ணும் முக்கால் மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க யாரு பாக்கறா? ஹோம் ப்ரோக்ராம்னு ஒரு பேப்பர் குடுத்து அனுப்பறாங்களே, அத யாரு செய்யறா? அந்த அம்மா உடைஞ்சு உக்காந்துட்டா பேப்பர் ஃப்ரிட்ஜ் மேலயேதான் கிடக்கும். அவங்களுக்கு ஆகற கவுன்சிலிங்கும் புள்ளையோட ட்ரீட்மென்ட்தாங்க. வளர்ச்சி தாமதம் இருக்கற 2-9 வயசு புள்ளைங்கள வளக்கறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சி வச்சிருக்கு, 9 குரூப் செஷன், 3 தடவ வீட்டுக்கே வருவாங்க, வளக்கறவங்க மனநலமும் அந்த பாடத்துலயே இருக்கு.

என் பையனுக்கு அப்ப மூணே முக்கால் வயசு. குக்கர் விசிலுக்கு கத்த ஆரம்பிச்சவன் நாப்பது நிமிஷம் நிறுத்தல. நான் அடிச்சிட்டேன். முதுகுல விரல் பதிஞ்சிருந்துச்சு. பாத்ரூம்ல பைப்ப திறந்து விட்டுட்டு அழுதேன். அடுத்த செஷன்ல என்கிட்ட கேட்டது "ஹோம்வொர்க் ஏன் பண்ணல"ன்னு மட்டும்தான். அப்புறம் ஒரு ராத்திரி 14416க்கு கூப்பிட்டேன், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசறாங்க. எடுத்தவங்க முதல்ல புள்ள பத்திரமா இருக்கானான்னு கேட்டாங்க, அப்புறம் "நீங்க?"ன்னாங்க. ரெண்டு வருஷத்துல அந்தக் கேள்விய யாருமே கேட்டதில்ல, எங்கம்மா கூட.

"அந்தக் காலத்துல பத்து பெத்து வளத்தாங்க"ன்னு வருவீங்க. வீடு நிறைய ஆள் இருந்தாங்க, வளத்தாங்க. இங்க மூணாவது மாடில நானும் அவனும் மட்டும்தான். அடிச்சத வெளிய சொல்ல வெக்கமா இல்லயான்னும் கேப்பீங்க. இருக்கு, இப்ப டைப் பண்றப்பவும் கை நடுங்குது.

காசு விஷயம் மட்டும் நிஜம். நிராமயாங்கற அரசாங்க இன்சூரன்ஸ்ல புள்ளைக்கு தெரபியும் சேத்து 1 லட்சம் வரைக்கும் கவர் ஆகுது, அதுல அம்மாவுக்கு இடமில்ல. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநல ஓ.பிக்கு போலாம்தான், ஆனா அந்த க்யூல நிக்கற நேரம் புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு போறது? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா பதில் இல்லாத கேள்விக்கு கைதட்டுவீங்களா? அந்த பதினாறு பேர்ல மூணு பேர் என் வீட்ல சாப்ட்டவங்க, என் புள்ளைய தூக்கி வச்சிருந்தவங்க. அன்னிக்கு நான் கேட்டிருந்தா எனக்கும் இதத்தான் சொல்லிருப்பீங்கல்ல?

அந்த அம்மா நம்பர் யார்கிட்டயாவது இருந்தா இத அவங்களுக்கு அனுப்புங்க. செவ்வாக்கிழமை ஓ.டி நேரத்துல நான் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன்.