லீட்ஸ் பதிவிலும் ஒட்டுவேலை உண்டு
'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நேரடிக் கச்சேரித் தட்டான 'லைவ் அட் லீட்ஸ்' கைபடாத பதிவு, 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ஒலித்தது அப்படியே இசைத்தட்டில் இருக்கிறது என்று இதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு தங்கள் ராக் ஓபராவான 'டாமி'யின் பெரும்பகுதியைப் பாடினார்கள். முதலில் வந்த தட்டில் இருந்தவையோ ஆறே பாடல்கள். பின்பாட்டுக் குரல்கள் சரியாகப் பதிவாகாததால் குழுவின் கிட்டார் கலைஞர் டவுன்ஷெண்டும் பேஸ் கிட்டார் கலைஞர் என்ட்விசிலும் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். நாடாவில் விழுந்த சடசடப்பை மட்டும் விட்டுவைத்து, அது இருக்கட்டும், திருத்தாதீர்கள் என்று லேபிளிலேயே குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறும்புதான் இதற்குத் தூய பதிவு என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், மறுநாள் ஹல் நகரில் இதே குழு நடத்திய கச்சேரியின் பதிவே உசத்தி என்கிறார். இருக்கலாம், ஆனால் அதில் முதல் சில பாடல்களுக்கு பேஸ் கிட்டார் பதிவாகவே இல்லை. 2010இல் வெளியிட்டபோது, முந்தின இரவு லீட்ஸில் என்ட்விசில் வாசித்ததை எடுத்து அந்த இடங்களில் பொருத்தினார்கள். ஒரு தடவை அடித்ததுபோல் மறுதடவை அடிக்காத, குழுவின் டிரம்மர் கீத் மூனின் டிரம்ஸோடு வேறோர் இரவின் பேஸை இணைப்பது லேசுப்பட்ட காரியமா? ஹெட்போனில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் தையல் எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒட்டுவேலை செய்தார்கள் என்பதற்காக நான் இவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. லீட்ஸில் 14 நிமிடத்துக்கு மேல் நீளும் 'மை ஜெனரேஷன்' பாடல், நடுவே 'டாமி'யின் துண்டுகள் தலைகாட்டிவிட்டுப் போகும் அந்த ஓட்டம், எந்த ஸ்டூடியோவிலும் பிறந்திருக்காது.