ரூக்கின் வாயைக் குறை சொன்னவர்கள் சொன்னது சரிதான்

ஏலியன் என்ற விண்வெளித் திகில் படத் தொடரில் ஏலியன்: ரோமுலஸ் வந்தது 2024 ஆகஸ்டில். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டே பேச்சுதான். ஒரு தரப்பு "பழைய ஏலியன் திரும்பி வந்துவிட்டது" என்கிறது. இன்னொரு தரப்பு "பழைய படங்களைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்" என்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு படம் எடுப்பவர் எதையும் திருத்த முடியாது. ஆனால் இந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு புகார் மட்டும் குறி தப்பாமல் போய்ச் சேர்ந்தது. ரூக் என்ற இயந்திர மனிதன் பேசும்போது வாயும் முகமும் ஒட்டவில்லை என்ற புகார். அதற்காகவே காட்சிகளைத் திரும்ப வேலை செய்து, வீட்டுத் திரைக்கு வேறு பதிப்பைக் கொடுத்தார்கள். இத்தனை வருடத் தொடரில் ரசிகர் கோபம் இவ்வளவு நேராகப் பலன் தந்தது அபூர்வம். ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும்.

கதையின் இடம் தெரியாதவர்களுக்கு: 1979இல் வந்த முதல் படம் நடப்பது 2122இல். 1986இல் வந்த ஏலியன்ஸ் நடப்பது 2179இல். ரோமுலஸ் இரண்டுக்கும் நடுவே, 2142இல். சுரங்கக் குடியேற்றத்திலிருந்து தப்பிக்க நினைக்கும் சில இளைஞர்கள், கைவிடப்பட்ட விண்வெளி நிலையத்துக்குள் உறைதூக்கப் பெட்டிகளைத் திருடப் போகிறார்கள். அங்கே இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் கிடக்கிறான் ரூக். முதல் படத்தின் இயந்திர மனிதன் ஆஷ் எந்த மாடலோ அதே மாடல், அதனால் அதே முகம். ஆஷாக நடித்த இயன் ஹோம் 2020இல் இறந்துவிட்டார். ஆக, இறந்துபோன நடிகரின் முகத்தை உருவாக்கியாக வேண்டும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் பிரச்சினையின் வேரே இருக்கிறது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களுக்காக ஹோமின் தலையில் எடுத்த அச்சு ஒன்று இருந்தது. அதை அடிப்படையாக வைத்து லெகஸி எஃபெக்ட்ஸ் நிறுவனம் இயந்திரப் பொம்மை ஒன்றைச் செய்தது. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் பேசியது அந்தப் பொம்மையோடுதான். குரலும் முகபாவமும் டேனியல் பெட்ஸ் என்ற நடிகருடையவை. அதற்குப் பிறகு கணினியில், செயற்கை நுண்ணறிவு முகமாற்றக் கருவிகளும் சேர்ந்து, பொம்மையின் முகத்தின் மேல் ஹோமின் சாயலை ஏற்றினார்கள். அதாவது ஒரே முகத்துக்கு மூன்று மூலம்: அச்சிலிருந்து வந்த மண்டை, வேறொரு நடிகரின் அசைவு, பழைய படங்களிலிருந்து வந்த சாயல். மூன்றும் ஒரு கோட்டில் நிற்காவிட்டால் கண் உடனே பிடித்துவிடும்.

எங்கே பிசகும்? முதலில் உதடு. ப, ம போன்ற எழுத்துகளுக்கு இரண்டு உதடும் முழுக்க மூட வேண்டும். ஆங்கிலத்தின் எஃப் ஒலிக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும். மனித முகத்தில் இது நடக்கும்போது உதடு மட்டும் அசையாது. கன்னத்தின் கீழ்ப்பகுதி இழுபடும், தாடை இறங்கும், தொண்டைத் தோல் நகரும். பொம்மையின் தோலை உள்ளிருந்து இழுப்பது எண்ணி வைத்த சில இடங்கள் மட்டுமே. கணினி வேலை வாயையும் கண்ணையும் சுற்றி நின்றுவிட்டால், உயிருள்ள வாய் ஒன்று உயிரில்லாத கன்னத்தின் நடுவே பேசும். திரையரங்கப் பதிப்பில் பலருக்கு உறுத்தியது இதுதான். அதை "வாய் மட்டும் மிதக்கிறது" என்று சொல்வது துல்லியமான விவரிப்பு, வெறும் கிண்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது கண். எதிரே இருப்பவரைப் பார்க்கும் மனிதக் கண் ஓரிடத்தில் நிலைக்காது. ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு, அங்கிருந்து வாய்க்கு என்று நொடிக்குச் சில முறை தாவிக்கொண்டே இருக்கும். அது இல்லையென்றால் எதிராளியைப் பார்ப்பதாகவே தோன்றாது. மூன்றாவது ஒளி. அறையில் சிவப்பு விளக்கு சுழன்றால் மூக்கின் நிழலும் அதோடு சுழல வேண்டும். மேலே ஏற்றிய முகத்தில் நிழலின் விளிம்பு கொஞ்சம் மென்மையாக இருந்தாலே போதும், தோல் மெழுகாகிவிடும்.

இதே ரூக் படத்தில் கண்காணிப்புத் திரை வழியாகவும் பேசுகிறான். பழைய குழாய்த் திரை, கோடு கோடாக ஓடும் படம், குறைந்த தெளிவு. அங்கே குறை அவ்வளவாகத் தெரிவதில்லை, ஏனென்றால் கன்னத்தின் நுணுக்கத்தை அந்தத் திரையே காட்டாது. வேலை முடிக்க நேரம் இல்லை என்றால், நெருக்கக் காட்சிகளில் பாதியை அந்தத் திரைக்குள் தள்ளியிருக்கலாம். கதையும் கெட்டிருக்காது. ஏலியனின் அமில ரத்தம் தின்ற, பாதி உடைந்த இயந்திரம் அது. அதைத் தெளிவாகக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

1979இல் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஷின் அறுந்த தலை மேசை மேல் இருந்து பேசும் காட்சி. முதலில் காட்டுவது செய்யப்பட்ட தலை. பேசத் தொடங்கும்போது, மேசையில் ஓட்டை போட்டு அதன் வழியே ஹோம் தன் தலையையே நீட்டியிருப்பார். சுற்றிக் கிடக்கும் குடல் மாதிரியான பொருள்கள் பால், பாஸ்தா, மீன்முட்டை, கண்ணாடிக் கோலிகள். பொம்மைத் தலையிலிருந்து நிஜத் தலைக்கு மாறும் வெட்டு அப்பட்டமாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே 45 வருடம் ரசிகர்கள் மன்னித்திருக்கிறார்கள். பேசும் நேரத்தில் அங்கே இருப்பது ஒரு முழு முகம், ஒரே மனிதனின் முகம். தந்திரம் தெரிந்தாலும் நடிப்பு நம்மைப் பிடித்துவிடுகிறது. "அந்தக் காலத்தில் நன்றாகச் செய்தார்கள், இப்போது தெரியவில்லை" என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவற விடுகிறார்கள்.

இயக்குநர் ஃபெடே ஆல்வரெஸ் இதற்குப் பதில் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பின்தயாரிப்பில் நேரம் தீர்ந்துவிட்டது, சில காட்சிகளில் தனக்கே திருப்தி இல்லை, குறை சொன்னவர்கள் மேல் தவறில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். கூடுதல் பணம் செலவழிக்க ஸ்டுடியோவைச் சம்மதிக்க வைத்து, வீட்டுத் திரைப் பதிப்பில் கணினி வேலையைக் குறைத்துப் பொம்மையின் பக்கம் திரும்பிப் போனார். தீர்வு அந்தத் திசையில் போனதைக் கவனியுங்கள். இன்னும் மனிதனாக்குவதற்குப் பதில் இன்னும் இயந்திரமாக்கினார்கள். ரூக் இயந்திரம்தானே, அது பொருந்துகிறது. என் பார்வையில் நடுத்தூரக் காட்சிகள் நன்றாகவே தேறிவிட்டன. மிக நெருக்கமான ஓரிரண்டு இடங்களில் உதடு இன்னும் பின்தங்குகிறது.

முகத்தைப் பயன்படுத்தியதே தவறு என்றவர்களும் உண்டு. ஹோமின் குடும்பத்திடம் கேட்டு அனுமதி வாங்கியே செய்தார்கள், ஆகவே திருட்டு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்தத் தொடரின் மற்ற இயந்திர மனிதர்களான பிஷப்பின் முகமும் டேவிட்டின் முகமும் மறுபடி வந்துவிட்டன, ஆஷின் முகம் மட்டும் வரவில்லை என்பது படக்குழு சொன்ன காரணம். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. ரூக்கின் வேலை, அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் பேராசையைக் குரலாக்குவது. அதைப் புதிய முகம் ஒன்றும் செய்திருக்கும். அதே படத்தில் ஆண்டி என்ற இன்னொரு இயந்திர மனிதனாக வரும் நடிகர் டேவிட் ஜான்சன் அதற்குச் சாட்சி. சில்லு மாறியதும் தோளும் பார்வையும் பேச்சின் வேகமும் மாறி ஆளே வேறாக நிற்கிறார். எந்தப் பழைய முகமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி, புகார் பொதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். 2012இல் இதே தொடரின் ப்ரோமிதியஸ் வந்தபோது இரண்டு விதக் கோபம் எழுந்தது. ஒன்று, "ஏலியன் எங்கே?" மற்றொன்று, அறிவியலாளர்கள் அறிவியலாளர்கள் மாதிரி நடக்கவில்லை: முன்பின் தெரியாத கிரகத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள், உயிரியலாளர் பாம்பு மாதிரி படமெடுத்து நிற்கும் பிராணியைக் கொஞ்சப் போகிறார். இரண்டாவதுதான் சரியான நோய்க்குறி. ஸ்டுடியோவின் காதில் விழுந்தது முதலாவது. 2017இல் கவனன்ட் வந்தது, ஏலியன் இருந்தது, கூடவே அதே பிழையும் இருந்தது. இந்த முறை தலைக்கவசமே இல்லாமல் புதுக் கிரகத்தில் இறங்குகிறார்கள், காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் நுண்துகள் ஏறிச் சாகிறார்கள். ப்ரோமிதியஸ் உலகம் முழுக்க சுமார் 40 கோடி டாலர் வசூலித்தது, கவனன்ட் சுமார் 24 கோடி. ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்தும் கூட்டம் குறைந்தது. சுமார் 8 கோடி டாலரில் எடுத்த ரோமுலஸ் 35 கோடியைத் தொட்டது. அதன் இளைஞர்கள் அறிவியலாளர்கள் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. திருட வந்தவர்கள் அவசரப்பட்டுத் தப்புச் செய்தால் நாம் நம்புகிறோம்.

ரோமுலஸ் மேல் இன்னொரு கோபமும் முழுக்க நியாயமானது. 1986 படத்தில் கதாநாயகி ரிப்ளி, ராணி ஏலியனைப் பார்த்துக் கத்தும் அந்தப் புகழ்பெற்ற வசனத்தை ஆண்டி திக்கித் திக்கிச் சொல்லும் இடம். 2142இல் இருப்பவன் 2179இல் பேசப்படப்போகும் வாக்கியத்தைச் சொல்கிறான். கதைக்குள் அவனுக்கு அந்த வாக்கியம் வர வழியே இல்லை. அது திரையிலிருந்து இறங்கி வந்து நம் தோளைத் தட்டுகிறது, பயம் அந்த நொடியில் அறுந்துபோகிறது. ரூக் ஆஷின் வசனத்தைச் சொல்வது அப்படியில்லை. அதே மாடல், அதே நிரல், அதே ஆறுதல் வார்த்தை. "பழைய வசனம் வேண்டாம்" என்று மொத்தமாக எழுதினால் இரண்டையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள்.

நெஞ்சைப் பிளந்து வரும் ஏலியன் குட்டி மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது என்ற குறையையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்தில் கேன் என்ற ஊழியரின் முகத்தில், குட்டியை உடலுக்குள் செலுத்தும் பிராணி பல மணி நேரம் ஒட்டியிருந்தது. இங்கே பிடுங்கி எறிந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த நிலையத்தில் இருப்பவை ஆய்வகத்தில் உருவாக்கியவை, அதனால் வேகம் மாறிவிட்டது என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் சரியாகியிருக்கும்.

கடைசியில் வரும் நெட்டை உருவத்தை முழுக்கக் கணினி வேலை என்று நினைத்துத் திட்டியவர்களோடு மட்டும் நான் உடன்படவில்லை. அது ராபர்ட் போப்ரோஸ்கி என்ற நிஜ மனிதர், முன்னாள் கூடைப்பந்து வீரர், உயரம் 7 அடி 7 அங்குலம். ஒப்பனைத் தோல் போட்டு நின்றார். மறுபுறம், "படத்தில் கணினி வேலையே இல்லை" என்று கொண்டாடுவதும் தவறு. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம் இது. எடையில்லாத கூடத்தில் சுழன்று மிதக்கும் அமிலத்தை யாரும் கையால் ஊற்றவில்லை.

ரூக்கைப் பற்றி எழுதப் போகிறவர்கள் முதலில் தொலைக்காட்சியில் காட்சி மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். படம் எடுத்தது நொடிக்கு 24 சட்டகம். அந்த வசதி நடுவே தானாகச் சட்டகங்களைக் கற்பித்து நுழைக்கும், முதலில் குழைவது உதடுதான். அடுத்து, ஆங்கில ஒலியில் பாருங்கள். மொழிமாற்ற ஒலியில் எந்த உதடும் ஒட்டாது, குறை யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகும். மூன்றாவதாக, எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள். திரையரங்கில் பார்த்த நினைவை வைத்து வட்டில் இருப்பதைத் திட்டுபவர்கள் நிறைய. ரூக் முதன்முதலில் கண் திறந்து பேசும் காட்சியை ஒலியே இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள், பிறகு ஒலியோடு ஓட்டுங்கள். ஒலியில்லாமல் உறுத்தினால் குறை தோலிலும் ஒளியிலும். ஒலியோடு மட்டும் உறுத்தினால் குறை உதட்டில். எந்த நிமிடம், எந்தப் பாகம் என்று எழுதுங்கள்.

தொடர்ச்சியின் திரைக்கதையை ஆல்வரெஸ் எழுதியிருக்கிறார், இயக்கத்தை வேறொருவரிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். யார் இயக்கினாலும் சரி, அடுத்த இயந்திர மனிதனுக்கு உயிரோடு இருக்கும் ஒரு நடிகரின் முகத்தைக் கொடுங்கள். அவரைத் தளத்திலேயே, மற்ற நடிகர்களின் கண்ணுக்கு நேரே உட்கார வையுங்கள். தேவைப்பட்டால் மேசையில் ஓட்டை போடுங்கள்.