எஸ்டபிள்யூஆர் 1:1 என்றால் நல்ல ஆன்டெனாவா?

அடிக்கடி ஊர் மாறும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எந்தக் கையடக்க ஆன்டெனாவையும் வாங்கலாம், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் விகிதம்) 1:1 காட்டினால் போதும் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. அது அப்படியில்லை நண்பரே. மீட்டர் சொல்வது, சக்தி டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பி வரவில்லை என்பதை மட்டும்தான். வானில் போனதா, வெப்பமானதா என்று அதற்குத் தெரியாது.

7 மெகாஹெர்ட்ஸில் 2 மீட்டர் கம்பியின் கதிர்வீச்சுத் தடை (வானில் போகும் சக்திக்கு ஈடான தடை) சுமார் 1 ஓம்தான். ரேடியோ எதிர்பார்ப்பது 50 ஓம்; மீதி 49 ஓம் ஆன்டெனாவின் சுருளிலும் தரையிலும் இழப்பாக இருந்தாலும் மீட்டர் அழகாக 1:1 காட்டும்! 5 வாட்டில் 0.1 வாட்தான் வெளியே போகும்.

சோதிப்பது சுலபம். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வெப்பமாக்கிவிடும் தடை) மாட்டுங்கள். 1:1 காட்டும், ஆனால் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக்கூடக் கேட்பது சந்தேகம். அப்புறம், பக்கத்துக்கு 10 மீட்டர் வீதம் சாதாரண ஒயரில் ஒரு டைபோல் (நடுவில் இணைப்புள்ள இருபக்கக் கம்பி ஆன்டெனா) கட்டி, அதையும் கையடக்க ஆன்டெனாவையும் மாற்றி மாற்றி மாட்டி அனுப்பி, எதிர்முனையில் இருப்பவரிடம் சிக்னல் அளவைக் கேளுங்கள். கையடக்க ஆன்டெனாவின் அடியில் தரை ஒயர்களைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: தரை இழப்பு குறைந்து மொத்தத் தடை 50 ஓமுக்குக் கீழே போவதால் எஸ்டபிள்யூஆர் ஏறும், சிக்னலும் ஏறும்.