நாலு வருஷத்துக்கு நாலு நாள் நோட்டீஸ்

ஞாயிற்றுக்கிழமை இரவு 9:40க்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். வரும் வியாழன் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் சென்டர் பெரிய இடத்துக்கு மாறுகிறதாம். கீழே ஒரு லொகேஷன். அடுத்த நிமிஷமே குரூப்பில் பெற்றோர் யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டியும் விட்டார்கள். ஐந்து வயதில் என் மகளைக் கொண்டுபோய் அங்கே விட்டேன், இப்போது அவளுக்கு ஒன்பது. அந்த நாலு வருஷத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது நாலு நாள் நோட்டீஸ்!

இத்தனை நாள் அது வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிடும். வீட்டுக்காரர் வர எட்டு. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, கையைப் பிடித்து ஐந்து மணி கிளாஸுக்குக் கூட்டிப்போவது அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா. திரும்பும்போது நான் போய் அழைத்து வருவேன். எங்கள் வீட்டின் மொத்த ஏற்பாடும் அந்த மூன்று தெருவை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புது இடம் காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒன்பது கிலோமீட்டர்தானே என்கிறார்கள். சாயங்காலம் கிரீன் சர்க்கிளைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்து, விருதம்பட்டு, ஓடைப்பிள்ளையார் கோயில் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனவர்களுக்குத் தெரியும் அந்த ஒன்பது கிலோமீட்டர். முழங்கால் தேய்ந்துபோன 66 வயது அம்மாவை இரண்டு பஸ் மாற வைத்து, கையில் பிள்ளையையும் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வருமா? வேன் விடுகிறோம் என்றார்கள், மாதம் 1,800 ரூபாய். வேன் ஏறினால் பிள்ளை வீடு திரும்ப எட்டரை. சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து எப்போது தூங்குவது?

சரி, தூரத்தைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ஆட்டோ பேசினோம். வாரத்தில் இரண்டு நாள் நான் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். இப்படி மூன்று வாரம் ஓட்டியாகிவிட்டது. ஆனால் அங்கே போய்ப் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அது ஒரு பழைய குடோன். மேலே தகரக் கூரை. வேலூர் வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அந்தத் தகரம் கக்கும் சூட்டில் குழந்தைகள் குதிக்கிறார்கள். கீழே சிமெண்ட் தரை, அதன்மேல் மேட் விரித்திருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் ஃப்ளோர் என்றால் அடியில் ஸ்பிரிங் வைத்த பலகை இருக்கும், அதன்மேல்தான் ஃபோமும் கார்ப்பெட்டும். குதித்து விழும் அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த அதிர்ச்சி அதிகமாகக் குழந்தையின் கணுக்காலுக்கும் முதுகெலும்புக்கும்தான் போகும். அந்தப் பலகைகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன, இன்னும் பூட்டவில்லை. பிள்ளைகள் பிடித்துத் தொங்கிச் சுழலும் கம்பியான பாரும் இன்னும் நிற்கவில்லை. அதைத் தரையில் போல்ட் அடித்து, கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிடக்காரர் தரையைத் துளைக்க விடமாட்டேன் என்கிறாராம். இதையெல்லாம் பேசி முடிக்காமல் எந்த தைரியத்தில் பிள்ளைகளை வரச்சொன்னீர்கள்?

முதல் நாள் முடிந்து ஆட்டோவில் வரும்போது என் மகள் சொன்னாள், "அம்மா, தரையே வேற மாதிரி இருக்குதும்மா. கால் வலிக்குது." அவ்வளவு சுலபத்தில் வலி என்று சொல்லுகிற பிள்ளை இல்லை அவள்.

பீம் என்று ஒரு நீளக் கட்டை இருக்கிறது. ஐந்து மீட்டர் நீளம், பத்தே சென்டிமீட்டர் அகலம். என் உள்ளங்கையை விட கொஞ்சம்தான் அகலம். அதன்மேல் பின்னால் வளைந்து, கையை ஊன்றி, காலைத் தூக்கிப் போட்டு எழுந்து நிற்பதற்கு பேக் வாக்ஓவர் என்று பெயர். தாழ்வான பீமில் அதைப் பழக என் மகளுக்கு எட்டு மாசம் ஆனது. அந்த எட்டு மாசமும் அவள் இடுப்புக்குக் கீழே ஒரு கை இருந்தது. பயிற்சி கொடுத்த அக்காவின் கை. பின்னால் வளையும்போது பீம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கை இருக்கிறது என்கிற நம்பிக்கையில்தான் குழந்தை வளைகிறது. அந்த அக்கா ஆற்காட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் சத்துவாச்சாரிக்கு வந்துகொண்டிருந்தவர். காட்பாடியில் ஏழரைக்குக் கிளாஸ் முடித்து, இரண்டு பஸ் மாறி இரவில் தனியாக வீடு போக முடியாது என்று நின்றுவிட்டார். அதையும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் போய்த் தேடித்தான் தெரிந்துகொண்டார்கள். இப்போது என் மகள் பீம் மேல் ஏறி நின்றுகொண்டு அழுகிறாள். புது மாஸ்டர் கீழே இருந்து "பயப்படாதே, போ போ" என்று கத்துகிறார். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது, எதை நம்பி அவள் வளைவாள்?

போன் செய்து கேட்டேன். "வளரணும்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் மேடம். முடியலன்னா வேற கிளாஸ்ல சேத்துக்கங்க" என்கிறார் ஓனர். கட்டிடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து இரண்டு மாசம் ஆகிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்த மெசேஜ் வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் எங்களிடம் மூன்று மாச ஃபீஸ் 7,500 ரூபாயை மொத்தமாக வாங்கினார்கள். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள். திருப்பித் தரமாட்டார்களாம்.

வேலூரில் வேறு கிளாஸ் எங்கே இருக்கிறது? டான்ஸும் கராத்தேயும் தெருவுக்குத் தெரு உண்டு. பீமும் பாரும் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன். அது தெரிந்துதானே இவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்.

2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் எங்கள் சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்கலில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில்தான் திரிபுராவின் தீபா கர்மாகர் ஜிம்னாஸ்டிக்ஸில் வெண்கலம் வாங்கினார். அடுத்து 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாண்டும் வால்ட்டில் அவருக்கு நாலாவது இடம், 0.15 புள்ளியில் பதக்கம் போனது. அந்த வீடியோவை என் மகள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. அகர்தலா போன்ற ஊரில் சின்ன வயதிலிருந்தே ஒரே பயிற்சியாளர் கூடவே நின்றார் அவருக்கு. என் பிள்ளை ஒலிம்பிக் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூட நிற்கிற ஒரு ஆளைப் பிடுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஃப்ளோர் பூட்டிவிட்டு, பார் கட்டிவிட்டு, ஒரு மாசம் கழித்துத் திறந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பெற்றோரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால், அக்கா வீட்டுக்குப் போக நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆட்டோ வைத்துக் கொடுத்திருப்போம். சாமான் ஏற்ற லாரி பேசினீர்களே, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லையா?

இந்த வாரம் அனுப்பவில்லை. ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, சுவரில் காலைச் சாய்த்து ஹேண்ட்ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்து அதுதான் பீம் என்கிறாள். நேற்று அதன்மேல் வளையப் போனவள் பாதியில் நின்று, "ஆயா, கீழ கை வை" என்றாள். குனிய முடியாத என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை நாங்கள் ஆறு அம்மாக்கள் சேர்ந்து போகிறோம். மீதி ஃபீஸைக் கையில் வாங்காமல் அந்த குடோனை விட்டு வெளியே வரப்போவதில்லை.