இரக்கம் வேண்டாம், அளவுப் புத்தகத்தைத் திறங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடி விவரிக்கப் போவதில்லை. 100 நாள் வேலை கேட்டு ஊன்றுகோலோடு ஏரிக்கரை வரை வந்துவிட்ட பெண்ணிடம், "உனக்குத்தான் பென்ஷன் வருதுல்லம்மா, வெயில்ல எதுக்குக் கஷ்டப்படுற, வீட்ல போய் இரு" என்று பணித்தளப் பொறுப்பாளர் சொல்லித் திருப்பி அனுப்பியதைவிட, அதன் கீழே வந்த கருத்துகள்தான் என்னை அதிகம் காயப்படுத்தின. "நல்லெண்ணத்தில்தானே சொன்னார்." "பாவம், உட்கார வைத்தே கூலி போட்டுவிடலாமே."

அந்த அம்மா என்ன சொன்னார் என்று யாராவது காது கொடுத்துக் கேட்டீர்களா? "பேரை எழுதிருங்கண்ணே, வேலை செஞ்சிட்டுத்தான் போவேன்" என்றார். அவர் கேட்டது வேலை. உட்கார்ந்து வாங்கும் காசு இல்லை, வேலை.

"அவங்களுக்கு ஏத்த வேலை சைட்டில் இல்லைங்க" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அது பொய். 100 நாள் வேலைச் சட்டமே பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. புதுச் சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது, சட்டியில் மண் நிரப்பிக் கொடுப்பது, கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது என்று வேலைகள் இருந்துகொண்டேதான் இருக்கின்றன.

நாற்றங்கால் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பாலித்தீன் பையில் நிரப்ப வேண்டும். காலுக்கு வேலையே இல்லை. பார்வையற்ற ஒருவர் பை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கையால் பையின் வாயை விரிப்பார். கால் பங்கு மண் போட்டதும் அடி மூலைகள் இரண்டையும் விரலால் அழுத்துவார், மூலை தளர்ந்திருந்தால் பை சாய்ந்துவிடும். பிறகு தரையில் இரண்டு தட்டு, மறுபடி மண். கடைசியில் விளிம்பில் விரலை வைத்து, தண்ணீர் நிற்க ஓர் அங்குலம் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கலவைக் குவியலும் வெறும் பைகளும் தினமும் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். இதற்கு ஊராட்சிக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

அப்படியானால் ஏன் தருவதில்லை? இதைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். மண் வேலைக்குக் கூலி கன மீட்டர் கணக்கில் விழுகிறது. ஒரு குழு வெட்டிய மொத்த அளவை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால், குழுவில் ஒருவர் குறைவாக வெட்டினாலும் எல்லோருக்கும் குறையும். 2025-26க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அது முழுசாகக் கைக்கு வராதபோது குழுவின் கோபம் யார் மேல் திரும்பும்? அதனால்தான் பணித்தளப் பொறுப்பாளர் முன்கூட்டியே "வீட்டுக்குப் போம்மா" என்கிறார். அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

இதற்கு மருந்து 2012-லேயே வந்துவிட்டது. தமிழக அரசின் அரசாணை 52. மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலை, முழுக்கூலி, தனி வேலை அளவு. அவர் பெயர் தனியாக எழுதப்பட்டு, அவருடைய வேலை தனி அளவில் பதிவானால் குழுவின் சராசரியில் ஒரு பைசா குறையாது. செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் அந்தத் தனிப் பதிவைப் போடாமல் எல்லோரையும் ஒரே அளவில் சேர்த்து எழுதும்போதுதான் சண்டை வருகிறது. சிக்கல் அந்தப் பெண்ணின் காலில் இல்லை, அந்தப் பதிவில் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"நாலு மணி நேரத்துக்கு முழுக்கூலின்னா நாங்க என்ன இளிச்சவாயா?" என்று கேட்டிருந்தார் ஒருவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது, உழைக்கிறவர் கேட்கிற கேள்வி அது. ஆனால் போலியோ பாதித்த காலோடு ஊரிலிருந்து ஏரிக்கரை வந்து சேர்வதே பாதி நாள் உழைப்பு. மூன்று சக்கர வண்டி கரையடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் சரளையில் ஊன்றுகோல்தான். அந்த உழைப்பு எந்தக் கன மீட்டரிலும் வராது.

"பென்ஷன் வாங்குறாங்களே" என்பதற்குப் பதில் சொல்லவே மனமில்லை. மாதம் 1,500, கடும் பாதிப்பு இருந்தால் 2,000. அதை வைத்து நீங்கள் ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டுங்கள்.

"அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கே" என்கிறவர்களுக்கு: பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த 4 சதவீதம் எதற்கு ஆகும்? அவருக்கான பிரிவு வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. அதைக் கேளுங்கள்.

வேலை கொடுத்த இடங்களிலும் யோசிக்காமல் கொடுப்பதால் கெடுகிறது. கால் ஊனமுற்றவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை என்று எழுதிவிடுவார்கள். வரத்து வாய்க்கால் அரை கிலோமீட்டர் நீளம், அவர் குடத்தோடு எப்படி நடப்பார்? குழாய் வைத்த கேன்களை இரண்டு மூன்று இடத்தில் மேடையில் வைத்து, நிரப்பிக் கொடுக்க ஒருவரைச் சொன்னால் முடிந்தது. காது கேளாதவருக்கு நாளை எந்த சைட் என்று சாயங்காலம் கத்திச் சொன்னால் எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் இடத்தின் படத்தைப் போடுங்கள், போன் இல்லாதவர் கையில் சீட்டு எழுதிக் கொடுங்கள். வருகைச் செயலி காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் கேட்கிறது. நான்கு மணி நேர வேலையை முடித்தவர் அந்த இரண்டாவது படத்துக்காக மர நிழலில் காத்துக் கிடக்கிறார். அப்புறம் அந்தச் சலுகைக்கு என்ன அர்த்தம்? தொழுநோயில் விரல் மழுங்கியவருக்கு வங்கி முகவரின் கருவியில் ரேகை விழாது, சம்பாதித்த கூலியை எடுக்கவே அலைய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதிகாரிகள் மட்டும் இல்லை, வீடுகளும் இதைச் செய்கின்றன. இத்தனை நாள் வேலை என்பது குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆகவே வேலை அட்டையில் பெயர் இருந்தும், "நீ போனா ரெண்டு நாள் வீணாகும், தம்பி போகட்டும்" என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தனி நீல வேலை அட்டை கேட்டு ஒன்றிய அலுவலக வாசலில் உட்காருவது இதனால்தான். (யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் நீலம் உண்டு, அது 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு. அது வேறு, வேலை அட்டை வேறு.) கல்யாணத்துக்குக் கூப்பிடாமல், கடனுக்குக் கையெழுத்துக் கேட்காமல், சாப்பாடு மட்டும் போட்டு ஓரமாக வைத்திருக்கிற மனிதருக்குச் சொந்தப் பெயரில் விழுகிற கூலி என்னவென்று உங்களுக்குப் புரியவில்லை என்றால், நான் எப்படிப் புரியவைப்பது?

வாயால் கேட்காதீர்கள். வெள்ளைத்தாளில் பெயர், வேலை அட்டை எண், யூடிஐடி எண், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும், என்ன வேலை செய்ய முடியும், அரசாணை 52-ன்படி தனி அளவு வேண்டும் என்று எழுதுங்கள். ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி உண்டு, முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது. ஒப்புகை இல்லாவிட்டால் அந்தப் படி இல்லை, "கேட்கவே இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். சீட்டுத் தர மறுத்தால் அதே மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், நகலை மாவட்டக் குறைதீர்ப்பாளருக்குப் போடுங்கள்.