டவரை விட ஜெனரேட்டர்தான் தொல்லை
உங்கள் ஊருக்குள் செல்போன் டவர் வேண்டாம் என்று மறியல் நடந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரிலும் இதே கதைதான், கேன்சர் வரும், தென்னையில் குரும்பை கொட்டும் என்று ஊரே கிளம்பியது. 2012 செப்டம்பரிலேயே நம் நாட்டில் டவர் கதிர்வீச்சுக்கான அனுமதி அளவை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள், அப்புறம் சிக்னல் சரியாக இல்லாத இடத்தில்தான் கையில் இருக்கும் போன் அதிக சக்தியில் வேலை செய்யும், அதைக் காதில் வைத்துக்கொண்டே டவரைத் திட்டினோம்! சரி, டவர் வந்தது. ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம், டீசல் புகை, தூக்கம் போச்சு. இதைப் பற்றி அன்றைக்கு ஒருத்தரும் வாயே திறக்கவில்லை (நானும்தான்). வாடகை வாங்குகிற நிலத்துக்காரர் வேலூரில் குடியிருக்கிறார், அவருக்கென்ன. நீங்களாவது பேட்டரி வைக்கச் சொல்லி, டவரை வீடுகளை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லி கிராம சபையில் இப்போதே கேளுங்கள்.