அந்தக் கழுகுப் படத்துக் குழந்தை அன்று சாகவில்லை

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வளவில் தனியாக உட்கார்ந்திருக்கும் படத்தைத் தம்பி ஒருவர் இங்கே போட்டதும், “சூடான்ல குழந்தையைக் கழுகுக்கு விட்டுட்டு அவார்டு வாங்கினவன் மாதிரிதான் நீயும்” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, அந்தக் கதை தப்பு.

பசியில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பின்னால் கழுகு உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தைத் தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் எடுத்தது 1993 மார்ச்சில், அன்றைய சூடானில் அயோட் என்ற ஊரில். எடுத்த பிறகு கழுகை விரட்டிவிட்டார். மார்ச் 26இல் நியூயார்க் டைம்ஸில் படம் வந்தது. குழந்தை எழுந்து நடந்தது, ஆனால் உணவு மையம் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை என்று நாலே நாளில் அந்தப் பத்திரிகையே குறிப்பும் போட்டது. வதந்தி வளர அந்தத் ‘தெரியவில்லை’ போதுமானதாக இருந்தது.

படத்தைப் பெரிதாக்கி வலது மணிக்கட்டைப் பாருங்கள். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை தெரியும். ஐ.நா. உணவு மையத்தில் பதிவான குழந்தைகளுக்குக் கட்டுவது அது. 2011இல் ஸ்பானிய நாளிதழ் ஒன்று ஊருக்கே போய் விசாரித்தது. அது பையன், பிழைத்து வளர்ந்தான் என்று அவன் அப்பாவே சொன்னார்.

அப்புறம், 1994இல் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டதற்கு இந்த ஒரு படத்தைக் காரணமாக்குவதும் சரியில்லை. தென்னாப்பிரிக்கக் கலவரங்களில் ஆண்டுக்கணக்கில் கொலைகளைப் பார்த்தவர். அந்த ஏப்ரலில்தான் நண்பரும் சக புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரூக் சுடப்பட்டு இறந்திருந்தார். பணக் கஷ்டம் வேறு.

தம்பியிடம் கேட்க வேண்டியது, ஆச்சியின் சம்மதம் வாங்கினாயா என்பதைத்தான்.